பார்த்தவர்கள்: பதினொன்று

மாதையன் செத்த அன்றைக்கு
பத்துக்கு ஆறு, ராத்திரிக்குள் வேண்டும் என்றார்கள்.
படம் ரேஷன் கார்டிலிருந்து. பின்னால் மேகம், இரண்டு புறா.
"ரெண்டு வரி கவிதையா ஏதாச்சும் போடுப்பா"
சொல்லிவிட்டு மூங்கில் வாங்கப் போய்விட்டார்கள்.

கவிதைக்கு நான் எங்கே போவேன்.
போனைத் தள்ளிக்கொண்டிருந்தேன்.
'ராயக்கோட்டை தக்காளி மண்டி' என்று பதிந்து வைத்த நம்பர்.
பச்சை வட்டம். தொட்டால், கறுப்பில் வெள்ளையாக:

     இரண்டு பேருக்கு உலை வைத்தேன்
     ஒருத்திக்கு மாவு போட்டேன்
     மிச்சத் தண்ணீர்
     கொதித்துக்கொண்டே இருக்கிறது

எடுத்தேன்.
மறைக்க என்ன இருக்கிறது, எடுத்தேன்.
'ஒருத்திக்கு' என்பதை 'ஒருவருக்கு' ஆக்கினேன்.
சாவு வீட்டில் களி எதற்கு என்று
மாவை அழித்து அரிசி அடித்தேன்.
அடியில் மனைவி, மக்கள், பேரன் பேத்திகள்.
அதற்கும் அடியில், மறக்காமல்,
என் கடைப் பெயர், என் செல் நம்பர்.

அவள் போட்டது இருபத்துநாலு மணி நேரத்தில் போய்விட்டது.
நான் போட்டது
காவேரிப்பட்டணம் பஸ் ஸ்டாண்டு வளைவில்
காரியம் வரைக்கும் நின்றது.
வெயிலில் சிவப்பு மட்டும் கொஞ்சம் வெளுத்தது.

பர்கூரிலிருந்து ஒருவர் போன் செய்தார்,
"அந்தத் தண்ணி கவிதை போட்டுக் குடுங்க."
போச்சம்பள்ளிக்காரர் கேட்கவும் இல்லை,
போட்டோ பிடித்துப் போய் அடித்துக்கொண்டார்.
எனக்குக் கோபம் வந்தது.
என் டிசைன் என்று
சண்டைக்கே போனேன்.

ஒன்பதாம் நாள் அவள் கடைக்கு வந்தாள்.
முனிலட்சுமி. மண்டியில் கணக்கெழுதுகிறவள்.
போன தையில் மகள் காதுகுத்துக்கு
என்னிடம்தான் பிளெக்ஸ் அடித்தாள்.
ஸ்டூலைத் துடைத்துப் போட்டேன். உட்காரவில்லை.

"களிக்கு வெச்ச உலை அது.
அரிசி எங்கருந்து வந்துச்சு?"

பணம் எதுவும் தரவா என்றேன்.
அடுத்த தடவை பேர் போடவா என்றேன்.

"பேரா.
மாமியார் வீட்டாளுங்க, மண்டி ஆளுங்க,
ஒவ்வொருத்தரா விலக்கிட்டுத்தான் போட்டேன்.
பத்துப் பேருக்கு.
பாத்தவங்க பதினொன்னுன்னு வந்துச்சு.
உன் நம்பரு எனக்கு ஞாபகத்துலயே இல்ல."

கொஞ்ச நேரம் சும்மா நின்றாள்.

"செத்துப்போனவருக்கு எழுதினதுன்னு நெனச்சியா?
அந்த ஆளு உசுரோட ஓசூர்ல இருக்காரு.
மாதையன் அவருக்குப் பங்காளி முறை.
சாவுக்கு வந்தவரு
கீழ நின்னு முழுசாப் படிச்சாராம்.
பிளெக்ஸ்காரன் நல்லா எழுதியிருக்கான்னு
சொல்லிட்டுப் போனாராம்."

மிஷின் அதுபாட்டுக்கு ஓடியது,
யாருக்கோ மஞ்சள் நீராட்டு.

சொல்லலாம் என்றுதான் இருந்தேன்:
ஊருக்கு வெளியே வைத்தால் ஊர் எடுக்கத்தான் செய்யும்.
கம்பெனிக்காரன் பக்கம் பக்கமாக எழுதி வைத்ததை
நீயும் படிக்கவில்லை, நானும் படிக்கவில்லை,
சம்மதம் என்று அழுத்தினோம்.
வார்த்தைக்குப் பட்டா உண்டா, சிட்டா உண்டா.
எல்லாம் வாய்க்குள்ளேயே இருந்தது.
அவள் பட்டா கேட்டு வரவில்லை.

காரியம் முடிந்ததும் அவிழ்த்துத் தரச் சொன்னாள்.
தந்தேன்.
மாதையன் முகம் உள்ளே போகிற மாதிரி
நாலாக மடித்து
வண்டிக்குப் பின்னால் கயிறு போட்டுக் கட்டினாள்.

போன வாரம் நல்ல மழை. ராயக்கோட்டை ரோட்டில்
தக்காளிப் பெட்டி ஏற்றிய டெம்போ முன்னால் போனது.
மேலே பிளெக்ஸ் மூடியிருந்தது, வெள்ளைப் பக்கம் வெளியே.
காற்று ஒரு ஓரத்தைத் தூக்கியபோது
என் நம்பரின் கடைசி நாலு எண் தெரிந்தது.
அதுவாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை.
நான் அடித்த எல்லாவற்றிலும் அந்த நாலு எண் உண்டு.

அதற்குப் பிறகு அவள் பேரில் பச்சை வட்டம் வரவில்லை.
எழுதுவதை விட்டுவிட்டாளா,
என்னை விலக்கிவிட்டு எழுதுகிறாளா.
போன் இரண்டையும்
ஒரே மாதிரிதான் காட்டுகிறது.